275 கிராம்

கெலிஓயாவில் இரகசியமாக ஒரு பொருளை வாங்க முடியாது. வாங்கலாமா என்று இரகசியமாக யோசிக்கவும் முடியாது. 2010 கடைசியில் பேராதனையில் பஸ் ஏறும்போது கூட்டாளி ஒருவனிடம் கமரா ஆசையைச் சொன்னேன். மறுநாள் சந்தியில் மீன் நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "என்ன மகன், கமராவாம்?"

அந்த வருஷம் நிக்கோன் ஒரு மாத இடைவெளியில் இரண்டு கமராக்களை அறிவித்திருந்தது. தொடங்குகிறவர்களுக்கு டி3100, வருத்தம் கொஞ்சம் முற்றியவர்களுக்கு டி7000. முதலாவது லென்ஸோடு அமெரிக்காவில் ஏறத்தாழ 700 டொலர். மற்றது 1,200 டொலர், அதுவும் உடம்பு மட்டும். மாப்பிள்ளைக்குக் கண்ணைப் பெண்வீட்டார் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும் என்ற கதை.

ஒரு சீஆர் கொப்பியில் கோடு போட்டு இரண்டையும் எழுதினேன். 14 மெகாபிக்சல், 16 மெகாபிக்சல். போகஸ் புள்ளிகள் 11, 39. ஒரு செக்கனுக்கு 3 படம், 6 படம். சின்னதில் கண் வைத்துப் பார்க்கும் துளைக்குள் கண்ணாடிகள், பெரியதில் முழுப் பளிங்குப் பட்டகம். படம் விழுகிற சென்சர் மட்டும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கடைசி வரியில், பற்றரியோடு சேர்த்து எடை: 505 கிராம், 780 கிராம்.

உம்மா கொப்பியை வாங்கி, விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். மெகாபிக்சல்கள் அவரை அசைக்கவில்லை. விரல் கடைசி வரியில் நின்றது.

"275 கிராம்தானே கூட? அதுக்கா இவ்வளவு சல்லி? இந்த வித்தியாசத்துக்கு ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஒரு மாட்டையே அறுக்கலாமே."

அதன் பிறகு அறிவுரைகள் வரிசையில் வந்தன. சவூதியிலிருந்து மச்சான்: "எடுக்கிறதா இருந்தா பெரிசா எடு. சின்னதை எடுத்து ரெண்டு வருஷத்துல மாத்துறது நட்டம்." கம்பளையில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு நானா: "உடம்பு வரும், போகும். சல்லியை லென்ஸில போடு." இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் கரைச்சல். ஒருவராவது முட்டாள்தனமாகப் பேசியிருந்தால் நான் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்.

பரீட்சித்துப் பார்ப்போம் என்று, கூட்டாளியின் சின்னக் கமராவை இரவல் வாங்கிக்கொண்டு எம்பக்கே தேவாலயத்துக்குப் போனேன். கம்பளை இராசதானிக் காலத்து மரத்தூண்கள். ஒவ்வொன்றிலும் மல்லர்கள், அன்னங்கள், ஆடும் பெண்கள். கூரைக்குக் கீழே வெளிச்சம் குறைவு. கூடவே வருகிற 18-55 லென்ஸை முழுக்க நீட்டினால் அதன் வாய் எஃப்5.6 அளவுக்குத்தான் திறக்கும். வெளிச்சம் போதாமல் ஷட்டர் நிதானமாக யோசித்து மூடியது. அதற்குள் என் கை நடுங்கிவிட்டது. அறுநூறு வருஷத்துக்கு மேல் அசையாமல் மல்லுக்கட்டியவர்கள் என் படத்தில் மட்டும் அசைந்திருந்தார்கள்.

ஸ்டூடியோ நானா சொன்னது அப்போதுதான் விளங்கியது. எஃப்1.8 வரை திறக்கும் 50 மில்லிமீற்றர் லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் கூடுதலான வெளிச்சத்தை உள்ளே விடும். விலை உயர்ந்த உடம்பில் அதே 5.6 லென்ஸைப் பூட்டினாலும் வாய் அவ்வளவுதான் திறக்கும்.

விளங்கிய உடனே வாங்கியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் யோசித்தேன். 2012 ஏப்ரலில் டி3200 வந்தது: 24 மெகாபிக்சல். கடைக்குட்டி ஒரே இரவில் வாப்பாவைவிட உயரமாகிவிட்டான். சீஆர் கொப்பியை உம்மா எடுத்து, பின்பக்கத்தில் பால்கணக்கு எழுதத் தொடங்கினார்.

கடைசியில், விலை இறங்கியிருந்த டி3100-ஐயே வாங்கினேன். மிச்சம் பிடித்த காசில் பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று, இரண்டாங்கையாக. எஃப்1.8, டி வகை. பெருமையோடு பூட்டி, பொத்தானை அமுக்கினேன். லென்ஸ் அசையவில்லை. கொப்பியில் நான் எழுதாமல் விட்ட ஒரே வரி அதுதான்: அந்த வகை லென்ஸைத் திருப்புகிற மோட்டார் டி7000-இன் உடம்புக்குள் உண்டு, டி3100-க்குள் இல்லை. இனி போகஸ் என் விரல் பாடு. பார்க்கும் துளையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி நின்றெரிந்தால் சரி என்று அர்த்தம்.

அடுத்த மாதம் சாச்சாவின் மகளுடைய கல்யாணம். "நம்ம வீட்டிலேயே கமரா இருக்குத்தானே" என்று போட்டோக்காரருக்குச் சொல்லவில்லை. சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர். சின்ன சென்சரில் 50 மில்லிமீற்றர் லென்ஸ் 75 போலக் கிட்ட இழுத்துக் காட்டும். அதில் நாலு பேர்தான் அடங்கினார்கள். பின்னால் நகர்ந்தேன். முதுகில் சுவர். கதவு வழியே இன்னும் நகர்ந்து, முற்றத்துத் தூறலில் குடைக்குக் கீழே நின்றபோது ஆறு பேரும் வந்தார்கள். பச்சைப் புள்ளியும் வந்தது. அதற்குள் சஹன் காலியாகியிருந்தது.

அல்பம் வந்த அன்று மாமி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "ஒருத்தருக்கும் முகம் தெளிவில்லையே மகன்."

நான் ஆயத்தமாக இருந்தேன். ஜூலியா மார்கரெட் கமரன் என்று ஓர் அம்மா, பெயரிலேயே முக்கால்வாசி கமரா. மகளும் மருமகனும் வாங்கிக் கொடுத்த முதல் கமராவைத் தொடும்போது வயது 48. போகஸ் இல்லை என்று லண்டனில் திட்டினார்கள். இன்றைக்கு அந்தப் படங்கள் அரும்பொருளகங்களில். 1879-இல் இங்கேதான் மௌத்தானார், அடக்கியிருப்பது நம்ம பொகவந்தலாவையில் என்றேன்.

சாச்சா பொறுமையாகக் கேட்டார். "சரி. அவவுடைய படத்தில வட்டிலப்பம் மட்டும் தெளிவா இருந்திச்சா?"

உண்மைதான். எஃப்1.8-இல் கிட்ட நின்று எடுத்தால் தெளிவு ஒரு விரற்கடைக்குத்தான் நிற்கும். அது மாப்பிள்ளையின் முகத்தைத் தவறவிட்டு, முன்னால் இருந்த கிண்ணத்தில் போய் விழுந்திருந்தது. சாச்சா எழுந்து போனார். மாமியும் போனார்.

உம்மா மட்டும் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கஜுத் துண்டுகளை எண்ணியிருப்பார் போல.

"நல்லாத்தான் விழுந்திருக்கு," என்றார். "ஒரு 275 கிராம் வரும்."