நட்சத்திரத்துக்கு அடியில் ஓர் எண்

ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் ஓட்டல், உணவக அங்கீகார - தரப்படுத்தல் குழுவினருக்கு,

முதலில் பாராட்டு. நட்சத்திர ஓட்டல்களுக்கான உங்கள் விதிமுறைகளில் மாற்றுத்திறனாளி விருந்தினருக்கென்று குறைந்தது ஓர் அறை இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அறைக் கதவும் குளியலறைக் கதவும் ஒரு மீட்டர் அகலம் வேண்டும், அலமாரிக்கு நகர்த்தும் கதவு வேண்டும், கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி வேண்டும், காது கேளாதவருக்குத் தெரியும்படி அபாயமணியோடு விளக்கும் மின்ன வேண்டும். கதவில் எட்டிப் பார்க்கும் துளையைக்கூடத் தாழ்வாக வைக்கச் சொன்ன மனசு யாருக்கு வரும்? ஆனால் 'குறைந்தது ஒன்று' என்று அரசாங்கம் எழுதினால், கட்டுகிறவர் காதில் அது 'ஒன்றே ஒன்று' என்றுதான் விழும். அந்தக் கணக்குப்படி, 12 பேர் கொண்ட வீல்சேர் கூடைப்பந்து அணி ஒன்று போட்டிக்கு வந்தால் 12 ஓட்டல்களில் தங்கலாம். ஊரையும் சுற்றிப் பார்த்தது போல ஆகிவிடும். அதனால் இதைச் சுற்றுலா வளர்ச்சித் திட்டமாகவே எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் குறை அந்த ஒற்றை அறையைப் பற்றியதல்ல. அது எந்த ஓட்டலில் எந்த அளவில் இருக்கிறது என்பதை அறை எடுக்கிறவர் வீட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்ள வழியில்லை என்பதைப் பற்றியது. நீச்சல்குளத்துக்குப் பத்துப் படம் போடுகிற விளம்பரத்தில் குளியலறை வாசலுக்கு ஒரு படம் இருக்காது. 'வீல்சேர் வசதி உண்டு' என்று ஒரு பச்சை டிக் மட்டும் இருக்கும். அந்த டிக்கின் அகலம் எத்தனை சென்டிமீட்டர்? போன் போட்டுக் கேட்டால், "எல்லா வசதியும் இருக்கு சார், ரெண்டே ரெண்டு படிதான்" என்று பதில் வரும். வீல்சேரைப் பொறுத்தவரை ரெண்டு படியும் இருபது படியும் ஒன்றுதான். நம் ஊர்க் கட்டடங்களில் குளியலறைக்கு இரண்டரை அடிக் கதவு என்பது எழுதாத சட்டம். நிலையும் கதவின் கனமும் தின்றது போக மிஞ்சும் இடைவெளியில் வீல்சேர் நுழைந்தாலும், சக்கரத்தைத் தள்ளுகிற கை நுழையாது. சாய்தளமும் அப்படித்தான். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. நாலடியில் முடித்துவிட்டால் அது பிள்ளைகளுக்கான சறுக்குமரம். இவையெல்லாம் டேப்பை வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிகிற சங்கதிகள். உங்கள் குழு நேரில் போய்ப் பார்த்துத்தான் நட்சத்திரம் தருகிறது. ஒரு மீட்டர் விதியைச் சோதிக்க அங்கே டேப் வைத்துத்தானே ஆக வேண்டும்? அந்த எண்ணை வாசலில் எழுத மட்டும் ஏன் கூச்சம்?

சட்டம் போதவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, தனியார் என்று பிரிக்காமல் சேவை தருகிற எல்லோருக்கும், அணுகல் வசதி விதிகளின்படி சேவை தர, அந்த விதிகள் வந்த நாளிலிருந்து இரண்டாண்டு கெடு வைத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன; கெடு 2019இல் முடிந்தது. மீறினால் முதல்முறை அபராதம் 10,000 ரூபாய் வரை. நல்ல ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஓர் இரவு வாடகை! 2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி வழக்கில், கட்டாயமாக இருக்க வேண்டியதை வெறும் பரிந்துரையாக எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லி அந்த விதிகளின் 15(1)ஆம் விதியை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. மூன்று மாதத்தில் கட்டாய விதிகளைக் கொண்டுவரும்படியும் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கு தொடுக்கப்பட்டது 2005இல்.

ஓட்டல்காரர்களின் பதில்களும் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். முதலாவது, "அப்படிப்பட்ட வாடிக்கையாளர் யாரும் வருவதில்லையே." பாலம் இல்லாத ஆற்றங்கரையில் நின்று, யாரும் கடக்கவில்லை, ஆகவே பாலம் தேவையில்லை என்கிற வாதம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி. அதுவும் எட்டு வகைக் குறைபாடுகளை மட்டும் எண்ணியபோது. சட்டம் இப்போது 21 வகைகளைச் சொல்கிறது. மூட்டு வலியோடு தீர்த்த யாத்திரை போகிற பாட்டிகள் இந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள். இவர்களில் பலர் தனியாகப் பயணம் போவதும் இல்லை. ஒருவருக்குக் கதவு குறுகலென்றால் குடும்பமே அடுத்த ஓட்டலுக்குப் போய்விடும். இரண்டாவது பதில் இன்னும் அன்பானது: "எங்கள் பையன்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்." பையன்கள் தங்கமானவர்கள்தான். ஆனால் நடு ராத்திரி இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குப் போகவும் அவர்களைத்தான் கூப்பிட வேண்டுமா? வளர்ந்த மனிதரை மூட்டை போலத் தூக்குவதை உபசாரம் என்று நம்புகிறவர்கள், ஒருநாள் தங்கள் சொந்த லாபியில் தூக்கப்பட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது பதிலில் நியாயம் இருக்கிறது. பழைய கட்டடம், மலைச்சரிவு, இடிக்க முடியாத சுவர், சிறு முதலாளி என்கிறார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இது வெறும் சாக்கல்ல. மாற்ற முடியாததை உடனே மாற்று என்று யாரும் கேட்கவில்லை. உள்ளதைச் சொல்லத்தான் கேட்கிறோம். 'வாசலில் மூன்று படி, லிஃப்ட் இல்லை, குளியலறைக் கதவு 68 சென்டிமீட்டர்' என்று எழுதிப்போடுகிற லாட்ஜ் எங்களுக்குச் செய்கிற உபகாரத்தைப் பச்சை டிக் போட்ட ஐந்து நட்சத்திரம் செய்வதில்லை. ஒருவர் 68 போதும் என்பார். இன்னொருவர் வேறு இடம் பார்ப்பார். முடிவு அவர்களுடையது. எழுதினால் வியாபாரம் கெடுமே என்பீர்கள். எழுதாவிட்டால் கெடுவது, பணம் கட்டிவிட்டுப் பெட்டியோடு வாசலில் நிற்கிறவரின் விடுமுறை.

2022 நவம்பரில் சென்னை மாநகராட்சி மெரினா மணலில் மரப்பாதை போட்டு வீல்சேரைக் கடல் அருகே கொண்டுபோனது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது தனிக்கதை. பழனியில் விஞ்சு ரயில் ஏறி முருகனைப் பார்த்துவிட்டு வரலாம். அலையும் மலையும் வழிவிடும்போது அடிவாரத்து லாட்ஜின் குளியலறைக் கதவு மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. அந்த லாட்ஜுகள் உங்கள் அதிகாரத்துக்கு வெளியே என்பது தெரியும். நட்சத்திரம் கேட்டு வருவது அவரவர் விருப்பம். ஆனால் கேட்டு வந்தவர்களிடமாவது ஆரம்பிக்கலாமே. அடுத்த ஆய்வுக்குப் போகும்போது நட்சத்திரப் பலகைக்கு அடியிலும் முன்பதிவுப் பக்கத்திலும் நான்கு எண்களைப் போடச் சொல்லுங்கள்: வாசற்படி எத்தனை, சாய்தளத்தின் நீளம் எத்தனை, அறைக் கதவு எத்தனை, குளியலறைக் கதவு எத்தனை. கதவை நாளைக்கு இடிக்கலாம். எண்ணை இன்றைக்கே எழுதச் சொல்லுங்கள்.