நெகட்டிவ் கேட்டு வந்தவர்கள்

பங்குனி வெயிலில் வேர்த்து விறுவிறுத்து ஒருவர் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றார். கையில் மஞ்சள் பை, பைக்குள் கல்யாணப் பத்திரிகைக் கட்டு.

"அண்ணே, பாப்பாவுக்குக் கல்யாணம் கூடிருச்சு. போன வருசம் இங்கதான் போட்டா எடுத்தோம். அந்த நெகட்டிவைக் குடுத்துருங்க."

மாமா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரிஜிஸ்டரைப் புரட்டி எண்ணைச் சொன்னார். நான் டார்க் ரூம் அலமாரியிலிருந்து பட்டர் பேப்பர் உறையை எடுத்து வந்தேன். உள்ளே உள்ளங்கையில் அடங்கும் சதுரத் துண்டு பிலிம். வந்தவர் அதை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். முகம் கறுப்பாகவும் கூந்தல் வெள்ளையாகவும் இருந்தாலும் மகளை அடையாளம் கண்டுகொண்டார். சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

இது 1987இல், காரைக்குடியில். எனக்கு அப்போது 17 வயது. தாய்மாமாவிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தேன்.

பெண் பார்க்கும் போட்டா என்றால் மூன்று பிரதி போடுவோம். மூன்றும் ஜாதகத்தோடு ஊர் ஊராகப் போகும். எல்லாம் திரும்பி வராது. வராததற்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டார்கள். நெகட்டிவ் கடையில் இருக்கும்வரை யார் வேண்டுமானாலும் இன்னொரு பிரதி போட்டுக்கொள்ளலாமே என்பதுதான் கவலை. கல்யாணம் நிச்சயமானதும் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. அடுத்த சில நாட்களில் யாராவது எங்கள் கடைக்கு வந்துவிடுவார்கள். மாமா ரிஜிஸ்டரில் அந்த எண்ணுக்கு நேராகச் சிவப்பு மையில் 'கொடுத்தாச்சு' என்று எழுதுவார். ஷோகேஸில் ஒரு படம் வைக்க வேண்டுமானாலும் அந்த வீட்டுக்குச் சைக்கிளில் போய்க் கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

மாமா சட்டம் படித்தவரில்லை. ஆனால் சட்டமும் அவர் பக்கம்தான் இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு: ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்தின் பதிப்புரிமைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். மஞ்சள் பையோடு வந்த மனிதர் தனக்குச் சொந்தமானதைத்தான் கேட்டார்.

அந்தக் கடையில் ஒரு யாஷிகா 635 இருந்தது. ஒரு ரோலுக்கு 12 படம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பேப்பரில் பிரிண்ட் போடுவோம். நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்வதில் மாமாவுக்கு இணை சுற்றுவட்டாரத்தில் இல்லை. அம்மைத் தழும்பை மறைப்பார், கன்னத்து மச்சத்தைத் தொட மாட்டார். "மச்சம் இருந்தாத்தான் அந்தப் பொண்ணு" என்பார்.

கலர் லேப் வந்தது, டிஜிட்டல் வந்தது, கடைசியில் எல்லார் கையிலும் கேமரா வைத்த போன் வந்தது. பாஸ்போர்ட் சைஸ் போட்டாவை மட்டும் நம்பி ஒரு ஸ்டுடியோ நடத்த முடியாது. 2009இல் ஒரு நிக்கான் டி90 வாங்கி, வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் ஸ்டாக் போட்டோ விற்கப் பதிந்துகொண்டேன்.

ஸ்டாக் போட்டோ என்பது யாரும் கேட்காமலேயே எடுத்து வைக்கிற படம். விளம்பரக் கம்பெனிக்கோ பத்திரிகைக்கோ பாடநூலுக்கோ ஒரு மஞ்சள் கிழங்கின் படம் வேண்டுமென்றால், தனியாக ஆளனுப்பி எடுக்காமல், இருப்பதிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். முன்பு அது லண்டன், நியூயார்க் ஏஜென்சிகளின் அலமாரிகளில் ஸ்லைடுகளாகக் கிடந்தது. என்னைப் போன்றவனுக்கு அந்த வாசல் எட்டாது. 2000இல் கனடாவின் கால்கரி நகரில் புரூஸ் லிவிங்ஸ்டன் ஐஸ்டாக்போட்டோவைத் தொடங்கினார். 2003இல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர், தானே எடுத்த சுமார் 30,000 படங்களை வைத்து ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கினார். 2006இல் ஐஸ்டாக்கை கெட்டி இமேஜஸ் 5 கோடி டாலருக்கு வாங்கியது. காரைக்குடியில் இருந்துகொண்டே உலகத்துக்குப் படம் விற்கலாம் என்ற நிலையை இவர்கள்தான் உண்டாக்கினார்கள். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

முதலில் அனுப்பிய 10 படங்களில் மூன்றுதான் தேறின. 'நாய்ஸ்', அதாவது நிழல் பகுதியில் புள்ளிப்புள்ளியாகத் தெரிகிறது என்று மற்றவை திரும்பின. டார்க் ரூமில் வளர்ந்தவன் ஆதலால் ஒளிதான் மருந்து என்பது தெரிந்திருந்தது. கிழக்கு ஜன்னலோரம் வெள்ளை சார்ட் பேப்பரை வளைத்து ஒட்டி, எதிரில் தெர்மாகோல் அட்டையை நிறுத்தி, டிரைபாடில் கேமராவைப் பூட்டி, மஞ்சளும் மிளகாய் வற்றலும் கல்லுப்பும் எடுத்தேன். அவை தேறின, விற்கவும் செய்தன. முதல் விற்பனை 25 சென்ட், அன்றைக்கு ஏறத்தாழ 12 ரூபாய். போலந்திலிருந்து யாரோ வாங்கியிருந்தார்கள். வாங்கியவர் பெயர் காட்டமாட்டார்கள், நாடு மட்டும் தெரியும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் 50 தேடுசொற்கள்வரை ஆங்கிலத்தில் கொடுக்கலாம். பனையோலைக் கூடையான ஒரு கொட்டானின் படத்துக்கு 'பாஸ்கெட்', 'பாம் லீஃப்', 'ஹேண்ட்மேட்', 'ஏஷியன்' என்று எழுதிவிட்டுக் கடைசிச் சொல்லாகக் 'கொட்டான்' என்றும் சேர்ப்பேன். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தச் சொல்லைத் தேடி யாரும் என் படத்துக்கு வந்ததில்லை.

ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்வதற்காகக் கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டு ஊற்றுகிற கைகளை எடுத்தேன். செட்டிநாட்டு வீடுகளையும் எடுத்தேன். வீட்டுப் படத்தை விளம்பரத்துக்கு விற்க உரிமையாளர் கையெழுத்து வேண்டும். ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள், ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். யாரிடம் போய் வாங்குவது? அந்தப் படங்கள் செய்தி, கட்டுரைகளுக்கான பிரிவில் மட்டும் கிடக்கின்றன.

வருமானத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தபட்சத் தொகை சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அமெரிக்க விற்பனைக்கு அங்கே வரி பிடிப்பார்கள். பான் எண்ணோடு வரிப் படிவம் நிரப்பினால் 30 சதவீதம் 15 ஆகும். பங்கு விகிதத்தை அவர்கள் நினைத்தபோது மாற்றுவார்கள். காசு குறைவு என்பது எனக்கு இரண்டாவது குறைதான்.

2011இல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கொட்டான் முடையும் ஓர் ஆத்தாவைப் படமெடுத்தேன். காதில் தண்டட்டி. திண்ணையில் உட்கார்ந்து ஓலையைப் பின்னிக்கொண்டே இருந்தவர், பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆனதும் பேரன் வருகிறானா என்று தெருவைப் பார்த்தார். அந்தக் கணத்தை எடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் எடுத்த முகங்களில் அதற்கு ஈடாக இன்னொன்று இல்லை.

முகம் தெரிகிற படத்துக்கு மாடல் ரிலீஸ் என்ற ஒப்புதல் படிவம் வேண்டும். நான் வைத்திருந்தது முழுக்க ஆங்கிலம். உலகம் முழுவதும், எந்த ஊடகத்திலும், எக்காலத்துக்கும், திரும்பப் பெற முடியாதபடி அனுமதிக்கிறேன் என்று அதில் இருந்தது. "பொஸ்தகத்துல, வெளம்பரத்துல எல்லாம் போடுவாங்க ஆத்தா" என்று மட்டும் சொன்னேன். 500 ரூபாய் கொடுத்தேன். மைப்பெட்டியில் பெருவிரலை ஒற்றிக் கைநாட்டு வைத்தார். பேத்தி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். 'திரும்பப் பெற முடியாதபடி' என்ற சொல்லை நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அது என் பிழை. தெரியாமல் செய்ததும் இல்லை, படம் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற அவசரத்தில் செய்தது.

அந்தப் படம் பல நாடுகளில் விற்றது. 2016இல் சிங்கப்பூரில் வேலை செய்யும் அவருடைய மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. முதியோர் இல்லம் ஒன்றுக்கு நன்கொடை கேட்கும் விளம்பரம். கொட்டானையும் கைகளையும் வெட்டியிருந்தார்கள். தெருவைப் பார்க்கும் முகம் மட்டும் இருந்தது. அருகில், பார்த்துக்கொள்ள ஆளில்லாத தாய் என்று பொருள்படும் வாசகம்.

"மாசாமாசம் பணம் அனுப்புறேண்ணே. அம்மாவை நாங்க தெருவுல விட்டுட்ட மாதிரி போட்டிருக்காங்க. என் கூட வேலை பாக்குறவன் காட்டித்தான் எனக்கே தெரியும்" என்றார் போனில். குரல் உடைந்திருந்தது.

தளத்துக்கு எழுதினேன். வாங்கியவரின் உரிமம் செல்லும் என்று பதில் வந்தது. படத்தை என் கணக்கிலிருந்து நீக்கினேன். நீக்கினால் புதிதாக யாரும் வாங்க முடியாது, அவ்வளவுதான். ஏற்கெனவே வாங்கியவர்கள் வைத்திருப்பதைத் தடுக்க வழியில்லை.

நேரில் போய்ச் சொன்னேன். ஆத்தா கோபப்படவில்லை. ஓலையைக் கீழே வைத்துவிட்டு, "சரி தம்பி, போனது போகட்டும். அந்த நெகட்டிவை எங்கிட்ட குடுத்துருங்க" என்றார்.

29 வருடத்துக்குப் பிறகு அதே வார்த்தை. என்னிடம் இருந்தது ஒரு ஹார்ட் டிஸ்க். அதைக் கொடுத்தாலும் அவர் கேட்டது அவர் கைக்கு வராது என்பதை எப்படி விளக்குவது? தொழில்நுட்பம் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். மாமாவின் கடையில் காசு கொடுத்தவருக்குப் படம் சொந்தம். இங்கே காசு கொடுத்தவன் நான். 500 ரூபாய் வாங்கிக்கொண்ட அவருக்குத் தன் முகத்தின்மேல் ஒரு சொல்லும் மிச்சமில்லை.

இப்போது அந்தப் படிவம் இன்னும் தூரம் போய்விட்டது. 2021 முதல் ஷட்டர்ஸ்டாக் தன் படங்களை ஓபன்ஏஐ நிறுவனத்துக்குப் பயிற்சித் தரவாக உரிமம் கொடுத்தது. 2023 மார்ச்சில் அடோபி வெளியிட்ட ஃபயர்ஃப்ளை, அடோபி ஸ்டாக் படங்களைக் கொண்டு பயிற்சி பெற்றது. கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம், 'கிழவி, திண்ணை, ஓலைக்கூடை' என்று எழுதினால் இல்லாத ஒருத்தியை வரைந்து கொடுக்கிறது. இரண்டு நிறுவனங்களும் படம் கொடுத்தவர்களுக்கு ஒரு தொகை தருகின்றன. படத்தில் இருப்பவர்களுக்கு அதில் பங்கில்லை. எந்த மூலையில் பெருவிரல் வைத்த ஒருவரும் இதை நினைத்து வைத்திருக்க முடியாது. 2022இல் கெட்டி இமேஜஸ், முக அளவைத் தரவுகளின் பயன்பாட்டுக்குத் தனி ஒப்புதல் கேட்கும் புதிய படிவத்தைக் கொண்டுவந்தது. அது சரியான செயல். ஆனால் அதற்கு முன்பு வாங்கிய கைநாட்டுகள் அப்படியே இருக்கின்றன.

இந்தியாவில் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு காரியம் சொல்கிறது. ஒப்புதல் கேட்கும் வாசகத்தை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும்; தமிழும் அதில் உண்டு. கொடுத்த ஒப்புதலைக் கொடுத்த அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். திரும்பப் பெறுவதற்கு முன்பு நடந்தவை செல்லும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே முதல் நாளிலேயே சரியாகச் சொல்லிக் கேட்பதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

நான் இப்போது முகங்களை அதிகம் விற்பதில்லை. கைகளை, ஓலையை, டைல்ஸை எடுக்கிறேன். முகம் எடுத்தால் தமிழில் நானே எழுதிய ஒரு தாளை முதலில் வாசித்துக் காட்டுகிறேன். படம் யாருக்கு விற்கும் என்று எனக்குத் தெரியாது, எதற்குப் பயன்படும் என்று தெரியாது, கணினிக்குப் பாடமாகவும் போகலாம், விற்ற பிறகு திரும்ப வாங்க முடியாது: இந்த நான்கும் அதில் இருக்கின்றன. ஒரு நாள் யோசித்துச் சொல்லுங்கள் என்று தாளைக் கொடுத்துவிட்டு வருகிறேன். பாதிப்பேர் வேண்டாம் என்கிறார்கள். மாமா வைத்திருந்தது போல ஒரு ரிஜிஸ்டரும் போட்டிருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லென்ஸ் வாங்குவதற்கு முன் அந்தப் படிவத்தைத் தமிழில் எழுதி அச்சடித்துக்கொள்ளுங்கள். கடைசி வரிவரை வாசித்துக் காட்டிவிட்டு மைப்பெட்டியைத் திறங்கள்.