ஹரியானாவில் நடக்கட்டும்

தினமும் அரை மணி நேரம் நடங்கள். சோற்றைக் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள். மனதை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 14, உலக நீரிழிவு நாள் வந்ததும் தேசம் முழுக்க ஓதப்படும் இந்த மந்திரம் கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேக்கும் தவறாமல் வந்து சேர்ந்துவிடும். காய்கறிதான் சேராது. அது போர்ட் பிளேயரிலிருந்து, மன்னிக்கவும், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட ஊரிலிருந்து, 500 கிலோமீட்டருக்கும் மேல் கடல் தாண்டி வரவேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் கிடையாது. புத்திமதிக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை.

மந்திரத்தில் பிழை இல்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றவர்களை உணவிலும் நடையிலும் கொஞ்சம் மாற வைத்தே, நோய் வரும் வாய்ப்பைச் சுமார் 28 சதவீதம் குறைக்கலாம் என்று சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006இல் நிரூபித்தது. நடக்கத்தான் வேண்டும். காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று தினமும் பார்க்கத்தான் வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஆனால் இதையெல்லாம் யாரிடம் போய் ஓதுகிறோம் என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா?

2004 டிசம்பர் 26 வரை கிரேட் நிக்கோபாரின் மேற்குக் கரையிலும் தென்கரையிலும் வாழ்ந்த நிக்கோபாரிகளுக்கு ‘உடற்பயிற்சி’ என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. தென்னந்தோப்புக்குப் போக வேண்டும், பன்றிக்குத் தீனி போட வேண்டும், ஹோடி என்ற படகைத் தள்ளிக்கொண்டு மீனுக்குப் போக வேண்டும். சாப்பாடு? நம்மூர் தாழையின் உறவுக்காரக் காட்டுத் தாழை ஒன்று உண்டு. ஒரு பழமே ஒரு சுமை. அதை உடைத்து, மணிக்கணக்கில் வேகவைத்து, சிப்பி ஓட்டால் சதையைச் சுரண்டி, நாரை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்துப் பிசைந்தால்தான் வாய்க்கு எட்டும். ஒரு வேளை சாப்பிடுவதற்குள்ளேயே இன்றைய டயட்டீஷியன் கேட்கும் கலோரி செலவாகிவிடும். கூட மீன், தேங்காய், கிழங்கு.

ஆழிப்பேரலை ஊர்களை அள்ளிக்கொண்டு போனது. உயிர் தப்பியவர்களைக் கேம்பல் பே பக்கம் கொண்டுவந்து தகரக் கொட்டகையில் வைத்தோம். பிறகு ராஜீவ் நகர் போன்ற குடியிருப்புகள். தோப்பு ஒரு கரையில், மனிதர்கள் இன்னொரு கரையில். தாழை இருந்த தட்டில் நிவாரண அரிசி, பருப்பு, சர்க்கரை. கையில் கொஞ்சம் பணம். கடையில் பிஸ்கட், குளிர்பானம். தற்காலிகம் என்றார்கள். 20 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அரசாங்க அகராதியில் தற்காலிகத்தைவிட நீண்ட ஆயுள் எதற்கும் இல்லை.

இன்னொரு நிக்கோபார் தீவான கார் நிக்கோபாரில் பெரியவர்களில் சுமார் பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு என்று ஆய்வாளர்கள் 2011இலேயே எழுதிவிட்டார்கள். ரத்தக் கொதிப்பு அண்ணன் என்றால் சர்க்கரை தம்பி. அண்ணன் வந்த வீட்டில் தம்பியைத் தேட வேண்டும். தேடினோமா? இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை என்று 2023இல் தலைப்புச் செய்தியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கெடுப்பு, 28 மாநிலங்களையும் டெல்லி, புதுச்சேரி, சண்டிகரையும் சுற்றியது. அந்தமான் நிக்கோபார் அந்தப் பட்டியலில் இல்லை. ரத்தம் எடுக்க எட்டாத தூரம் போலும்.

துறைமுகம் கட்ட மட்டும் எட்டுகிறது. கிரேட் நிக்கோபாரில் 72,000 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்த திட்டம்: கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம். சுமார் 8,000 பேர் வாழும் தீவில் எதிர்காலத்தில் 3.5 லட்சம் பேரைக் குடியமர்த்தும் கனவு. இதற்காக 130 சதுர கிலோமீட்டர் காடு போகும். மரம் 9.64 லட்சம் என்பது அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு. கவலை வேண்டாம், ஈடாக ஹரியானாவில் மரம் நடுவார்களாம்!

இந்த அறிவை ஏன் மரத்தோடு நிறுத்த வேண்டும்? நிக்கோபாரின் மழைக்காட்டை ஹரியானாவில் ஈடுகட்டலாம் என்றால், நிக்கோபாரியின் நடையையும் அங்குள்ள குருகிராம் பூங்காவில் யாராவது ஷூ போட்டுக்கொண்டு நடந்து ஈடுகட்டலாமே. அவர் வியர்வை சிந்தட்டும், ராஜீவ் நகரில் சர்க்கரை இறங்கட்டும். கோப்பில் கையெழுத்துப் போட்டால் கணையமும் கேட்டுக்கொள்ளாதா என்ன!

சிரிப்பு வரவில்லை என்றால் நவ்ருவைப் பாருங்கள். பசிபிக்கில் ஒரு பொட்டுத் தீவு. பாஸ்பேட்டுக்காக நடுத்தீவை வெள்ளைக்காரர்கள் தோண்டத் தொடங்கினார்கள்; எலும்பு தெரியும்வரை தோண்டல் நிற்கவில்லை. பணம் கொட்டியது, ஒரு காலத்தில் தனிநபர் வருமானத்தில் உலகத்தின் முன்வரிசை. மீனும் தேங்காயும் போய், இறக்குமதி அரிசியும் டப்பா இறைச்சியும் சர்க்கரையும் வந்தன. 1970களின் நடுவில் பரிசோதித்தபோது வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு.  தோண்டியவனின் பழக்கவழக்கத்தைப் பற்றி ஒரு டாக்டரும் சீட்டு எழுதவில்லை.

மனதை அமைதியாக வைத்துக்கொள்ளச் சொன்னீர்களே, அதற்கும் வருகிறேன். 2022 ஆகஸ்டில், அந்தத் துறைமுகத் திட்டத்துக்காக, நிக்கோபாரிகளின் பழங்குடி மன்றத்திடம் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்கினார்கள். சுனாமிக்கு முன் தாங்கள் வாழ்ந்த நிலமும் திட்டத்துக்குள் போகிறது என்பது பிறகுதான் மன்றத்துக்குத் தெரிந்தது. இதைக் கேட்டபின் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறினால் உப்பைக் குறைக்கச் சொல்வீர்களா?

தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிறது. கிரேட் நிக்கோபார் தீவிலும் வீடு வீடாகப் போய் ரத்தம் பாருங்கள், கப்பல் நின்றாலும் இன்சுலின் நிற்காமல் பாருங்கள். ஆனால் நிக்கோபாரிகள் கேட்கும் மருந்து வேறு. சொந்த ஊருக்குத் திரும்பிப் போக விடுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் கேட்கிறார்கள். கொடுத்த சம்மதத்தைப் பழங்குடி மன்றம் 2022 நவம்பர் 22 அன்று எழுத்து மூலம் திரும்பப் பெற்றது. திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி அதே மாதம் 11ஆம் தேதியே வந்துவிட்டிருந்தது.