கல்லாவுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

பொம்மிடியில் கடை வைத்திருப்பவனுக்கு எது கிடைக்காவிட்டாலும் யோசனை கிடைக்கும். அதிலும், "கடைக்குக் கணக்கு சாஃப்ட்வேர் வாங்கலாம்னு இருக்கேன்" என்று டீக்கடையில் வாய்விட்டுச் சொன்னால் போதும். வாழ்நாளில் ஒரு பில் போட்டிராதவர்கூட கிளவுடு நல்லதா, டெஸ்க்டாப் நல்லதா என்று பேச ஆரம்பித்துவிடுவார். எல்லோருடைய யோசனையையும் நான் பொறுமையாகக் கேட்டேன். எதுவும் புரியாதவனுக்குப் பொறுமை இயல்பாகவே வரும்.

நான் விற்பது விவசாயச் சாமான்கள். பி.வி.சி. பைப், எல்போ, டீ, ரெடியூசர், ஃபுட் வால்வு, சொட்டுநீர்க் குழாய், தேங்காய் நார்க் கயிறு, மம்முட்டி, அரிவாள். ஒருவர் வந்து ஒரே மூச்சில் இதில் நாலு கேட்பார். மம்முட்டிக்கும் அரிவாளுக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. கயிற்றுக்கு 5 சதம். பைப்புக்கு 18. சொட்டுநீர்ச் சாமான் 12 சதத்தில் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5க்கு இறங்கிவிட்டது. ஆக, ஒரே பில்லில் வரியே இல்லாத சாமான், கொஞ்சம் வரி, நிறைய வரி மூன்றும் வரிசையாக நிற்கும். இதையெல்லாம் நான் மனக்கணக்காகப் போட்டுச் சொல்லும்போது வாங்க வந்தவர் என்னைப் பார்க்கமாட்டார், என் மனைவியைப் பார்ப்பார். அவள் தலையசைத்த பிறகுதான் பணத்தை எடுப்பார்.

கடைப் பலகையில் உரிமையாளர் என்று என் பெயர் இருந்தாலும் கணக்கு அவள் கையில்தான். நீளமான கோடு போட்ட நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, உள்ளே ஊர் முழுக்கக் கடன். கல்லாவில் உட்கார்ந்து அவள் வாசிப்பதற்கெல்லாம் "ம்" சொல்வது என் பொறுப்பு.

இந்த ஏற்பாட்டில் கல்லைப் போட்டவர் எங்கள் ஆடிட்டர். அவர் இருப்பது சேலத்தில். பொம்மிடியில் ரயில் ஏறினால் சேலம் போகலாம், சென்னை போகலாம். சொந்த மாவட்டத் தலைநகரான தருமபுரிக்கு மட்டும் பஸ்தான். அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆடிட்டர், டாக்டர், பட்டுப்புடவை எல்லாமே சேலம். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் மாசம் 11ஆம் தேதிக்குள்ள போகணும், 3பி 20க்குள்ள. இதைப் பார்த்து என் ஆபீஸ் பையன் டைப் அடிச்சுக்கிட்டே இருந்தா அவனுக்குக் கல்யாண வயசு போயிடும். ஒரு சாஃப்ட்வேர் போடுங்க" என்றார்.

உண்மையில் இதிலிருந்து தப்பிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் வியாபாரி கம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். விற்பனையில் 1 சதம் வரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும். சாஃப்ட்வேர் பார்க்கிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, தான் எந்த வகை வியாபாரி என்பதுதான். ஆனால் கம்போசிஷன்காரர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது, தான் அந்த வகை என்று கடைப் பலகையிலேயே எழுதி வைக்கவும் வேண்டும். பஞ்சாயத்து வேலை எடுக்கும் காண்டிராக்டர்கள் ஜி.எஸ்.டி. பில் கேட்பார்கள், ஆகவே நமக்கு ஒத்துவராது என்று நான் எல்லோரிடமும் விளக்கினேன். அப்படிக் கேட்கிற காண்டிராக்டர்கள் எத்தனை பேர் என்று மனைவி கேட்டதற்கு விளக்கவில்லை. பலகையில் என் பெயருக்குக் கீழே பதினைந்து எழுத்தில் ஜி.எஸ்.டி. எண் இருப்பது ஒரு பட்டம் வாங்கினது போல எனக்குப் பிடித்திருந்தது. வேறு பட்டம் என்னிடம் கிடையாது.

முதலில் செல்போன் ஆப்களைப் பார்த்தோம். வியாபார், காத்தாபுக் என்று வரிசையாக இருக்கின்றன. கடன் பாக்கியை எழுதினால் வாங்கினவருக்கே நினைவூட்டல் செய்தி அனுப்பிவிடும் வசதி மனைவிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் செல்போன் யாரிடம் இருப்பது என்ற கேள்வி வந்தது. கணக்கு என் போனில் இருந்தால் என் போனை அவள் பார்க்க நேரிடும். அவள் போனில் இருந்தால் கடை உரிமையாளர் யார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். இரண்டும் சரிப்படாது என்று முடிவாயிற்று.

அடுத்து ஜோஹோ. 1996இல் தொடங்கி, உலகம் முழுக்க விற்று, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கும் நம் தமிழ்நாட்டுக் கம்பெனி. கிராமத்திலிருந்தே மென்பொருள் செய்யலாம் என்று அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு காட்டிவிட்டார். கிராமத்திலிருந்து அதைப் பயன்படுத்த முடியாதா என்று நானும் நெஞ்சை நிமிர்த்தினேன். கணக்கெல்லாம் இன்டர்நெட்டில் இருக்கும், எங்கிருந்தும் பார்க்கலாம் என்றான் மகன். "இவர் எங்கிருந்தும் பார்க்கிறதுதான் வேணாம்" என்றாள் அவன் அம்மா. மேலும், எங்கள் கடைப் பக்கம் மழை தூறினால் முதலில் போவது நெட். கடன் கேட்டு ஆள் வருவதும் மழை தூறினால்தான்.

மிச்சமிருந்தது டேலி. அதன் கதை எனக்கு உடனே பிடித்துவிட்டது. பெங்களூரில் ஆலைகளுக்கு மூலப்பொருளும் உதிரிபாகங்களும் சப்ளை செய்துகொண்டிருந்தவர் ஷ்யாம் சுந்தர் கோயங்கா. தன் வியாபாரத்துக்கு ஒத்துவருகிற கணக்கு மென்பொருள் கிடைக்காததால், கணிதம் படித்த மகன் பரத்தையே எழுதச் சொன்னார். 1986இல் எம்.எஸ்.-டாஸில் ஓடும் ஒன்றை அவர் எழுதினார். அதுதான் வளர்ந்து டேலியாகி, 2020இல் பரத் கோயங்காவுக்குப் பத்மஸ்ரீ வரை கொண்டுவந்தது. இந்த வரலாற்றை நான் மகனிடம் உருக்கமாகச் சொன்னேன். அப்பாவின் கடைக் கஷ்டத்தைப் பார்த்து ஒரு பிள்ளை என்னவெல்லாம் செய்திருக்கிறான் பார் என்றேன். "அவங்கப்பா அவருக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்திருப்பாருல்ல?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

காசு கொடுக்குமுன் பழகிப் பார்க்க அதில் எஜுகேஷனல் மோடு என்று ஒன்று உண்டு. லைசென்ஸ் வேண்டாம், ஆனால் மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளுக்கு மட்டுமே பதிவு போடலாம். மாணவர்களுக்காக வைத்தது. இதை வைத்தே கடையை ஓட்டிவிட்டால் என்ன என்று என் மனம் கணக்குப் போட்டது. "நம்ம கடையில வியாபாரம் நடக்கிற நாளைப் பார்த்தா அதுவே தாராளம்" என்றாள் மனைவி. அதோடு அந்தத் திட்டத்தைக் கைவிட்டேன்.

டெமோ காட்ட சேலத்திலிருந்து ஒரு தம்பி லேப்டாப்போடு வந்தார். நல்ல பிள்ளை. "உங்க கஸ்டமர் பேரெல்லாம் சொல்லுங்கண்ணா, லெட்ஜர் போட்டுக் காட்டுறேன்" என்றார். மனைவி நோட்டைத் திறந்து வாசித்தாள்: "முருகன்." போட்டார். "முருகன்." இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று மெஷின் மறுத்தது. "இவரு வேற முருகன் தம்பி. டிராக்டர் முருகன்னு போடுங்க." போட்டார். "அடுத்ததும் டிராக்டர் முருகன்தான். ஆனா இவரு டிராக்டரை வித்துட்டாரு." தம்பி கொஞ்ச நேரம் யோசித்து, 'முருகன் டிராக்டர் பழைய' என்று போட்டார். அடுத்து கடன் தவணை எத்தனை நாள் என்று கேட்டது திரை. முப்பதா, நாற்பத்தைந்தா? மனைவி நோட்டைப் பார்த்து, "மஞ்சள் வித்ததும்" என்றாள். "அது எத்தனை நாள்க்கா?" "விலை ஏறணுமில்ல? இவருக்குக் குச்சிக்கிழங்கு வெட்டினதும். இவருக்குப் பொண்ணு கல்யாணம் முடிஞ்சதும்." தம்பி எல்லோருக்கும் 365 என்று போட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

பிறகு அளவு. பைப் எண்ணிக்கையில் போகும், கயிறு? எங்கள் கடையில் கயிறு மார்க் கணக்கு. கடைப் பையன் கயிற்று நுனியை ஒரு கையில் பிடித்து, இரண்டு கையையும் விரித்து, நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்தால் ஒரு மார். கிலோ, மீட்டர், டஜன் எல்லாம் இருக்கிற ஜி.எஸ்.டி. அளவுப் பட்டியலில் மார் இல்லை. ஒரு மாருக்கு எத்தனை மீட்டர் என்று கேட்டார் தம்பி. டேப் வைத்து அளந்தோம். பையனின் மார் என்னுடையதைவிட நீளம். நான் கயிறு அளந்தால் லாபம், அவன் அளந்தால் நஷ்டம் என்று அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அதிலிருந்து கயிறு அளக்கும் வேலை எனக்கு வந்துவிட்டது. சாஃப்ட்வேர் வாங்குமுன்னேயே அதனால் வந்த முதல் பலன்.

உண்மையான விவகாரம் அதற்கப்புறம்தான். "அண்ணா, கல்லாவிலிருந்து நீங்க எடுக்கிற காசை டிராயிங்ஸ்னு தனியா போடணும்" என்றார் தம்பி. "என் கடை, என் காசு தம்பி." "இல்லைண்ணா. கணக்குல கடை வேற, நீங்க வேற." வெனிஸில் 1494இல் லூக்கா பச்சோலி இரட்டைப் பதிவு முறையைப் புத்தகமாக அச்சிட்ட காலத்திலிருந்து வியாபாரிகளைத் துரத்திவரும் நியாயம் இது. கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும். என் விஷயத்தில் கொடுத்தது கடை, வாங்கியது நான், வாங்கினதற்குச் சாட்சி எதுவும் இல்லை.

மனைவியின் நோட்டில் இருந்தது சாட்சி. கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வைத்திருந்தாள். டீ. போண்டா. பெட்ரோல். மறுபடியும் போண்டா. கோயில் வரி. மொய், மொய், மொய். மொய்யில் மட்டும் தம்பிக்குச் சந்தேகம். "இது திரும்பி வருமாண்ணா?" "பையன் கல்யாணத்துல வரும்." "எழுதி வச்சிருக்கீங்களா?" "நோட்டு இருக்கு." "அப்ப இது செலவில்லைண்ணா, குடுத்த கடன்." என் வாழ்நாளில் முதல்முறையாக நான் ஒரு சொத்து சேர்த்திருந்தேன். அந்த மகிழ்ச்சியில், மனைவியின் தம்பி கிணற்றுக்கென்று எடுத்துப்போன பைப்புகள் எந்தத் தலைப்பில் இருக்கின்றன என்று தேடினேன். 'சேதாரம்' என்ற தலைப்பில் இருந்தன.

"கம்ப்யூட்டர் சொன்னா தப்பா இருக்காதுக்கா, இனிமே நோட்டு தேவையில்லை" என்று சொல்லித் தம்பி லேப்டாப்பை மூடினார். இங்கே நான் குறுக்கே வந்தேன், ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த ஒரே விஷயம். பிரிட்டன் தபால் துறை 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளில் வைத்தது. அதில் இருந்த கோளாறால் பல கிளைகளில் இல்லாத பற்றாக்குறை இருப்பதாகக் காட்டியது. மெஷின் தப்புச் சொல்லாது என்று நம்பியதால், ஊர்ப் போஸ்டாபீஸ் நடத்தியவர்கள் 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றங்களில் தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்கள் உண்டு, வீட்டை விற்றுக் கட்டியவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்புகளை மொத்தமாக ரத்து செய்ய 2024இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஆகவே ஒரு வருஷமாவது நோட்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே ஓடட்டும் என்றேன். கல்லாவில் காசு குறைந்தால் பழியை மெஷின் மேல் போட ஒரு வழி இருக்குமே என்ற உள்நோக்கம் எனக்கு இல்லாமல் இல்லை. மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓடட்டும்" என்றாள்.

கடைசியில் டேலிதான் வாங்கினோம். வசதிகளை ஒப்பிட்டுத் தீர விசாரித்து எடுத்த முடிவு என்றுதான் டீக்கடையில் சொன்னேன். நடந்தது வேறு. சேலத்து ஆடிட்டரின் ஆபீஸ் பையனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். சிறு கடைக்காரன் சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. அவனுடைய ஆடிட்டர் எதில் ஃபைலை வாங்குவாரோ அதை வாங்குகிறான், பிறகு காரணம் தேடிக்கொள்கிறான். வாங்கினதும் வேலை முடியவும் இல்லை. எந்த சாஃப்ட்வேரானாலும் கடையில் இருக்கிற முக்கால் இஞ்ச் எல்போ எத்தனை என்று யாராவது உட்கார்ந்து எண்ணித்தான் ஆகவேண்டும். அந்த யாராவது நான்தான். அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்ததெல்லாம் கிடைத்தது, நான் தொலைத்துவிட்டதாகச் சொன்ன கடிகாரம் உட்பட.

ஒரு பதிவை யார், எப்போது திருத்தினார்கள் என்று காட்டும் எடிட் லாக் என்று ஒன்று இருக்கிறது. கம்பெனிகள் அப்படிப்பட்ட மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டம். எங்களைப் போன்ற தனிநபர் கடைகளுக்குக் கட்டாயமில்லை என்று தெளிவாகச் சொன்னார் ஆடிட்டர். எங்கள் கடைக்கு மனைவி கட்டாயமாக்கிவிட்டாள்.

என் பெயருக்கு அவள் லெட்ஜர் தொடங்கியதைப் பார்த்து ஆடிட்டர் போன் செய்தார். "அம்மா, ஓனர் எடுக்கிறது கேபிடல் கணக்குல கழியணும். நீங்க அவரைக் கடன் பாக்கிக்காரங்க லிஸ்ட்ல போட்டிருக்கீங்க." "தெரிஞ்சுதாங்க போட்டேன். கேபிடல்ல போட்டா அது திரும்பி வராது." அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சில்லை. ஆடிட்டரும் குடும்பஸ்தர்.

மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலை வரிசைப்படுத்தினாள் மனைவி. மூன்று முருகன்களையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு முதலிடத்தில் நான் இருந்தேன். மறுநாள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே போனுக்கு வாட்ஸாப் வந்தது: மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு வணக்கம், தங்கள் பாக்கித் தொகையைச் செலுத்தி ஒத்துழைக்கவும். கீழே என் கடைப் பெயர், பதினைந்து எழுத்து ஜி.எஸ்.டி. எண்ணோடு. எதிரே நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த மனைவி நிமிரவேயில்லை.

மஞ்சள் வித்ததும் தந்துவிடுகிறேன் என்று பதில் போட்டேன். எனக்கு மஞ்சள் காடு கிடையாது.