ஊர் எதுவென்று கேட்டால்

ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே ஒரு பதில் மனப்பாடமாகியிருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட யாராவது வந்து “ஒங்க ஊரு எது?” என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால் டிவிஷன். அதற்கும் மேலே கேட்டால் லயத்தின் நம்பர். எங்கள் முன்னோர் கிளம்பி வந்த தமிழ்நாட்டுத் துறையூரின் பெயர் யார் வாயிலிருந்தாவது வந்தால் முதுகுத் தோல் உரிந்துவிடும் என்று அப்பா எச்சரித்திருந்தார்.

இப்போது டொராண்டோவிலிருந்து பேத்தி வாட்ஸ்அப்பில் கேட்கிறாள்: “தாத்தா, நம்ம பூர்வீக ஊர் எது? கிராமத்துப் பேர் வேணும், தாலுகாவோட.” வம்ச விருட்சம் போட்டுக் கொடுக்கும் ஏதோ ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டுகிறாளாம். இன்றைக்கு யாரும் முதுகுத் தோலை உரிக்கப் போவதில்லை. துறையூர்ப் பக்கம் என்பதற்கு மேல் சொல்லத்தான் ஒன்றும் இல்லை. அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறைத்து வைத்திருக்கிறோம்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குத் தாள் வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் தங்கள் பூட்டனின் பிறப்புச் சான்றிதழை எடுத்து வாருங்கள், நான் காத்திருக்கிறேன். எங்கள் அப்பா பிறந்ததும் லயத்தில்தான். ஆனால் அவர் பிறந்ததைப் பதிந்த தாள் எதுவும் வீட்டில் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் பிறக்கவே இல்லை. ஆகவே எனக்குத் தகப்பனும் இல்லை.

மறு ஆண்டு இன்னொரு சட்டம் வந்தது. இத்தனை ஆண்டு தொடர்ந்து இங்கேயே வசித்தோம், இங்கேயே இருக்கப்போகிறோம் என்று நிரூபித்தால் பதிவுப் பிரஜை ஆகலாம். கடைசி நாள் 5 ஆகஸ்ட் 1951. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. விசாரணைக்கு வருகிறவர் கேட்பதெல்லாம் ஒரே விதம். இந்தியாவுக்குப் போனாயா? பணம் அனுப்பினாயா? அங்கே யார் இருக்கிறார்கள்? ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தங்கி வந்தது, ஒரு மணியார்டர் ரசீது, எல்லாமே எதிர்த் தரப்புச் சாட்சி ஆகிவிடும். அப்பா ஒரு ராத்திரி தகரப் பெட்டியைத் திறந்து ஊரிலிருந்து வந்த கார்டுகளையெல்லாம் அடுப்பில் போட்டார். அம்மா அதில் தண்ணீர் காய வைத்தாள். பேத்தி இன்று கேட்பது அந்தக் கார்டுகளைத்தான்.

விசாரணைக்கு அப்பாயியையும் கூட்டிப் போயிருந்தார்கள். பேசாமல் உட்கார்ந்திருக்கச் சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். அதிகாரி, தமிழ் தெரிந்த உதவியாளர் மூலம், “பாட்டி எப்படி வந்தீங்க?” என்று சிரித்த முகத்தோடு கேட்டார். அப்பாயியிடம் அதுவரை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. கிழவி காலை நீட்டிக்கொண்டு உற்சாகமாக ஆரம்பித்துவிட்டாள். தாயின் இடுப்பில் உட்கார்ந்து வந்தது, தோணி, மன்னார்க் காடு, பேதியில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு நடந்தது, மாத்தளையில் பெரிய கங்காணி கொடுத்த கம்பளி. அப்பா இருமிப் பார்த்தார். அதிகாரி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். எங்கள் குடும்ப வரலாற்றைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்டு எழுதிய முதல் மனிதர் அவர்தான். மனு நிராகரிக்கப்பட்டது.

“அந்த ஃபைல் எங்க தாத்தா?” என்கிறாள் பேத்தி. நல்ல கேள்வி.

1964 அக்டோபர் 30ஆம் தேதி இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டுக்கொண்டார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று நடந்தது: நேற்றுவரை வாயைத் திறந்து சொல்லக் கூடாதிருந்த ஊர்ப் பெயரை இப்போது இந்தியப் பாரத்தில் கட்டாயம் எழுத வேண்டும் என்றார்கள். சித்தப்பா எழுதினார். அப்பாயி சொல்லக் கேட்ட ஒரு ‘பட்டி’யை ஞாபகத்திலிருந்து எழுதினார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, குடும்பக் கார்டும் ட்ரங்குப் பெட்டியுமாக அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தாராம். சொந்தக்காரர்கள் இருந்தார்கள். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். “சரி, எப்ப கெளம்புறீங்க?” என்றார்கள். கண்டிச் சீமைக்குப் போனவனின் வாரிசு காணியில் பங்கு கேட்க வந்துவிட்டான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. சித்தப்பா மறு பஸ்ஸில் ஏறி நீலகிரி போனார். தாயகம் திரும்பியோருக்காக அரசாங்கம் 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டம். தேயிலையிலிருந்து தேயிலைக்கு. இங்கே எங்களுக்கு ‘கள்ளத்தோணி’ என்று பெயர். அங்கே அவருக்கு ‘சிலோன்காரன்’. கோபத்தில் அவர் அந்தப் பட்டியின் பெயரை அதற்குப் பிறகு ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார், பெயரும் கூடவே போய்விட்டது.

நான் 2003இல் பிரஜை ஆனேன். அந்த ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்குவது. 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வசித்தவரும் அவர் வழித்தோன்றல்களும் இந்திய வம்சாவளி என்றால் போதும். எந்தக் காரணத்துக்காக அப்பாவிடமிருந்து பறித்தார்களோ, அதே காரணத்துக்காக மகனிடம் கொடுத்தார்கள். ஐம்பத்தைந்து வருஷம் பொய் சொல்லப் பழகியவனுக்கு அந்தப் பாரத்தை நிரப்பக் கொஞ்சம் கை நடுங்கியது.

பேத்தியோடு படித்தவள் ஒருத்தி, டர்பன்காரி. பத்தே நிமிஷத்தில் தன் பாட்டனைக் கண்டுபிடித்துவிட்டாளாம். பிடிக்கத்தான் செய்வாள். 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் நங்கூரமிட்ட ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் வெள்ளைக்காரன் நம்பர் போட்டான். தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள மச்சம்வரை எழுதி வைத்தான். ஒப்பந்தக் கூலி என்பதால் சரக்குக்குக் கணக்கு வேண்டியிருந்தது. எங்களுக்கு ஒப்பந்தமும் இல்லை, கணக்கும் இல்லை. கங்காணியின் கடன் நோட்டு ஒன்றுதான். தோட்டம் மாறும்போது கையில் கொடுத்த துண்டிலும் கடன்தான் இருந்தது. அதையும் 1921இல் ஒழித்தார்கள். நல்ல காரியம்தான், ஆனால் எங்கள் சுவடும் அதோடு குறைந்தது.

விடாக்கண்டியான பேத்தி எச்சிலைத் துப்பி மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினாள். வந்த முடிவு: தென்னிந்தியரும் இலங்கையரும் ஒரே தலைப்பின் கீழ். இரண்டு அரசாங்கங்கள் பத்து வருஷம் உட்கார்ந்து பிரித்த கணக்கை ஒரு குப்பி எச்சில் மதிக்கவில்லை. உறவினர் பட்டியலும் வரும் என்றாள். எச்சில் அனுப்பியவர்களுக்குள்தான் உறவு தெரியும். துறையூர்ப் பக்கம் யார் அனுப்பப்போகிறார்கள்? குடும்பப் பெயர் என்ற கட்டத்திலும் சிக்கல். தலைமுறைக்குத் தலைமுறை தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்ளும் எங்களுக்கு ஒரே குடும்பப் பெயர் ஏது? செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் மூன்று முத்துசாமி இருந்தால் கணக்கப்பிள்ளை ஒன்று, இரண்டு, மூன்று என்று போடுவார். என் தாத்தா இரண்டாம் முத்துசாமி. பேத்திக்கு அது ராஜ வம்சம் மாதிரிக் கேட்கிறது.

சில வருஷங்களுக்கு முன் என் மகனே நேரில் போய்ப் பார்த்தான். கையில் இருந்த துப்பு: பெயர் பட்டியில் முடியும், ஊருக்கு மேற்கே மலை தெரியும். ஒரு பக்கம் பச்சைமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை. பட்டிகளுக்கும் அங்கே பஞ்சமில்லை. ஒரு டீக்கடையில் விஷயத்தைச் சொன்னபோது பெரியவர் ஒருவர் அக்கறையாக விசாரித்தார்: “சரி தம்பி, நீங்க எந்தத் தெரு?” தாது வருஷப் பஞ்சத்தில் கிளம்பிய கூட்டத்துக்குப் பசி ஒரு காரணம் என்றால், அந்தக் கேள்வி இன்னொரு காரணம். அது இன்னும் ஆரோக்கியமாக இருப்பதை மகன் பார்த்துவிட்டு வந்தான். பேத்தியின் வம்ச விருட்சத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

2023இல், எங்களவர் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். அப்பாயி வந்த அதே வழி. மன்னார்க் காட்டைப் பற்றி அப்பாயி சொன்னதை நான் அன்று முதன்முறையாக வெளியாள் ஒருவரிடம் சத்தமாகச் சொன்னேன். யாரும் நிராகரிக்கவில்லை.

தோட்ட அலுவலகங்களில் பழைய செக்ரோல் புத்தகங்கள் காகித எடைக்குப் போகின்றன. போகுமுன் யாராவது வாங்கி வையுங்கள். துறையூர், முசிறிப் பக்கத்து வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: கண்டிச் சீமைக்குப் போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றி உங்கள் வீட்டில் பேச்சு இருந்தால் எழுதுங்கள். காணியில் பங்கு கேட்க மாட்டோம்.