சலவைத்தூள் புராணம்

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே ஈரி என்றொரு ஏரி இருக்கிறது. ஈரி ஏரி, ஈரி ஏரி என்று பத்து முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நாக்குக்கு நல்ல பயிற்சி. பரப்பு 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆனால் ஆகிருதியைப் பார்த்து ஏமாறக்கூடாது. அங்குள்ள ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது இதுதான். சராசரி 19 மீட்டர், மேற்குக் கோடியில் ஏழு மீட்டர் சொச்சம். ஏரி என்பதைவிடத் தாம்பாளம் என்றால் பொருந்தும். தாம்பாளத்தில் எதைக் கொட்டினாலும் உடனே தெரியும். தெரிந்தும் கொட்டினார்கள்.

முதலில் புகார் சொன்னது பூச்சிகள். மேஃப்ளை என்று ஈசல் மாதிரி ஓர் இனம். குழந்தைப் பருவம் முழுவதும் ஏரிச் சேற்றுக்குள், பிறகு சிறகு முளைத்து ஓரிரு நாள் கல்யாணக் களேபரம், அப்புறம் சாவு. கோடைக்காலத்தில் கரையோர ஊர்களின் விளக்குக் கம்பத்தடியில் குவியல் குவியலாகக் கிடக்கும், மண்வெட்டியால் அள்ளிப் போடுவார்கள். 1953 செப்டம்பரில் பிரிட் என்ற விஞ்ஞானி மேற்குப் பகுதிச் சேற்றை அள்ளிப் பார்த்தால், உள்ளே குஞ்சுகள் மொத்தமாகச் செத்துக் கிடந்தன. காற்றில்லாத வெக்கையான நாட்களில் அடித் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருந்தது. கரையில் இருந்தவர்களுக்கு இனிப் பெருக்க வேண்டிய வேலை மிச்சம் என்றுதான் பட்டிருக்கும்.

இந்த இடத்தில் சேற்றைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். மார்ட்டிமர் என்ற ஆங்கிலேயர் 1941-42லேயே தம் ஊர் ஏரிச் சேற்றை வைத்துக்கொண்டு அதன் குணத்தைக் கண்டு எழுதிவிட்டார். சேறு சும்மா கிடக்கிற பண்டமல்ல, அடகுக் கடை. மேலே தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கும்வரை சேற்றிலுள்ள இரும்பு, பாஸ்பரஸை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். சாட்சாத் இரும்புப் பெட்டி. ஆக்சிஜன் தீர்ந்ததோ இல்லையோ, பெட்டி திறந்துகொள்ளும். பூட்டி வைத்த பாஸ்பரஸ் வெளியே வந்து பாசிக்குப் பந்தி பரிமாறும். பாசி பெருகும், சாகும், அடியில் விழுந்து அழுகும். அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். பெட்டி இன்னும் அகலமாகத் திறக்கும். வட்டிக்கு வட்டி என்பது இதுதான்.

1969 ஜூன் 22 அன்று கிளீவ்லாந்து நகரில், ஈரியில் போய்ச் சேரும் கயஹோகா ஆறு தீப்பிடித்தது. ஆமாம், ஆறுதான். உள்ளூர்க்காரர்கள் பதறவில்லை. 1868இலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை எரிந்த ஆறு அது. அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள், ஒரு படம் எடுக்கக்கூட ஆளில்லை. டைம் பத்திரிகை என்ன செய்தது தெரியுமா? 1952இல் எரிந்தபோது எடுத்த படத்தைத் தேடி எடுத்துப் போட்டது. அண்ணன் கல்யாண ஆல்பத்தைக் காட்டித் தம்பிக்கு மொய் வாங்கிய கதை. நாடே கொதித்தது.

ஆற்றின் கதை இது என்றால், ஏரியோ பாசி படர்ந்து பச்சையாகிக் கிடந்தது. அதற்கு யார் காரணம்? சாக்கடையும் சலவைத்தூளும் சுமந்துவரும் பாஸ்பரஸ் என்றார்கள் விஞ்ஞானிகள். போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காத கதை நமக்குத் தெரியும். அந்தக் கடின நீரை வழிக்குக் கொண்டுவரத்தான் தூளில் பாஸ்பேட் சேர்த்தார்கள். சலவைத்தூள் முதலாளிகளுக்கு இந்தக் குற்றச்சாட்டு ரசிக்கவில்லை. குற்றவாளி கார்பன்தான் என்று சில ஆய்வுகள் சொல்ல, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கார்பன் காற்றிலேயே இருக்கிறது, அதன்மேல் வழக்குப் போட முடியாது. வசதியான குற்றவாளி.

கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற மனிதர் இருந்தார். கல்லூரியில் மல்யுத்தம் செய்தவர், ஆகவே வாய்ச்சண்டையில் ஆர்வமில்லை. ஒன்டாரியோ காட்டுக்குள் ஆராய்ச்சிக்கென்றே அரசு ஒதுக்கிய ஏரிகள் அவர் பொறுப்பில் இருந்தன. பெயர் வைக்கக்கூடச் சோம்பல், எல்லாம் எண்கள்தான். 227ஆம் ஏரியில் கார்பன் மிகக் குறைவு. 1969இலிருந்து அதில் பாஸ்பரஸும் நைட்ரஜனும் மட்டும் கொட்டினார். பாசி, வேண்டிய கார்பனைக் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்டு பச்சைப் பசேலென்று வளர்ந்தது. முதலாளிகள் மசியவில்லை.

அடுத்து 226. நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஏரி. அந்த இடுப்பில் குறுக்கே வினைல் திரை கட்டினார், கூத்துக்குத் திரை கட்டுகிற மாதிரி. ஒரு பாதிக்குச் சர்க்கரையும் நைட்ரேட்டும். மறுபாதிக்கும் அதேதான், கூடவே கொஞ்சம் பாஸ்பரஸ். 1973 செப்டம்பரில் மேலே பறந்து படம் எடுத்தார்கள். ஒரு பாதி தெளிந்த கருநீலம், மறுபாதி பட்டாணிச் சாறு. நூறு பக்க அறிக்கையைப் படிக்காத அரசியல்வாதிகூட ஒரு படத்தைப் பார்ப்பான். பாஸ்பேட் கட்சி அத்தோடு வாயடைத்தது என்று சொல்ல ஆசைதான். வழக்கறிஞர்கள் உள்ளவரை எந்தக் கட்சியும் வாயடைப்பதில்லை. ஆனால் சபை ஷிண்ட்லர் பக்கம் சாய்ந்துவிட்டது.

இதற்குள் 1972 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் நிக்சனும் கனடா பிரதமர் ட்ரூடோவும் ஐம்பெரும் ஏரிகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். நிக்சனுக்கும் தண்ணீருக்கும் ஏதோ ஜாதக தோஷம். இரண்டே மாதத்தில் வாட்டர்கேட் ஊழல்.

ஒப்பந்தம் வேலை செய்தது. கழிவுநீர் நிலையங்கள் திருந்தின, தூளில் பாஸ்பேட் குறைந்தது. டாக்டர் சூஸ் 1971இல் எழுதிய 'தி லொராக்ஸ்' என்ற சிறுவர் புத்தகத்தில் ஈரியின் நிலைமையும் அதே அளவு மோசம் என்று ஒரு வரி இருந்தது. ஒஹாயோக்காரர்கள் 1980களில் "ஐயா, ஏரி தேறிவிட்டது" என்று கடிதம் போட, அவரும் பிந்தைய பதிப்புகளில் அந்த வரியை எடுத்துவிட்டார். தொண்ணூறுகளில் மேஃப்ளையும் திரும்பி வந்தது, இப்போது வானிலை ராடாரில் மேகம் மாதிரி தெரிகிற அளவுக்கு.

வரியை எடுத்தது அவசரமோ என்னவோ. சலவைத்தூள் போன இடத்துக்கு வயல் உரம் வந்தது, மௌமி ஆற்று வழியாக. 2014 ஆகஸ்டில் டொலிடோ நகரத்துக் குழாய் நீரில் பாசியின் நஞ்சு. சுமார் நான்கு லட்சம் பேருக்கு அறிவிப்பு: குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள். கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகும், நஞ்சு அப்படியே நிற்கும், இன்னும் கெட்டியாக. நம் பாட்டிகளின் ஒரே வைத்தியமும் அங்கே செல்லுபடியாகவில்லை. மூன்றாம் நாள் தடை நீங்கியது. மேயர் நிருபர்கள் எதிரில் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரைக் குடித்துக் காட்டினார்.