வாளுக்கு விசா

2011-இல் வந்த ஸ்கைரிம் கணினி விளையாட்டுக்கு அடுத்த ஆண்டே 'கிரியேஷன் கிட்' மென்பொருளை இலவசமாகக் கொடுத்தார்கள். உங்கள் வாளை நீங்களே செய்து உள்ளே வைக்கலாம். எவ்வளவு பெரிய மனசு!

பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் வாள் செய்வது சின்ன வேலை. அதை உள்ளே அனுப்புவதுதான் கலை. கோப்பு 'நிஃப்' வடிவில் இல்லையா? போய் வாருங்கள். நிஃப்தான், ஆனால் மேற்பரப்புப் படமான டெக்ஸ்சர் இருக்கும் பாதை தப்பா? வாள் கத்தரிப்பூ நிறத்தில் ஜொலிக்கும். மாடலே அகப்படவில்லையா? அந்த இடத்தில் ஓர் ஆச்சரியக்குறி நிற்கும். உங்கள் உழைப்பைப் பார்த்து மென்பொருளே வியக்கிறது என்று கொள்க. எச்சரிக்கைப் பெட்டிகளோ, தயாரித்தவர்களின் சொந்தக் கோப்பைத் திறந்தாலும் வரிசைகட்டி வரும். பாரபட்சம் அறவே கிடையாது.

இத்தனை கெடுபிடி இல்லாவிட்டால் கண்டதெல்லாம் உள்ளே நுழைந்துவிடாதா? வாளும் கேடயமுமான அந்தப் பழங்கால உலகின் மானம் என்னாவது? நல்லவேளை, காவல் பலமாக இருக்கிறது. 2013-இல் டிராகன்களுக்குப் பதிலாக அந்த வானத்தில் பறந்து வந்தது, குழந்தைகள் தொடரில் வரும் தாமஸ் ரயில் இன்ஜின்.